நாலு கிட்டாரும் ஒரு கும்முட்டியும்

அந்த அம்மாள் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அவளுக்குக் கொடுத்த காபியில் நான் சர்க்கரை போடவில்லை. பிறகு என் வீட்டுக்காரர் கேட்டபோது மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை. எழுபத்தோரு வயதில் இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இந்த விஷயத்தை எழுத உட்கார்ந்தால் அந்தக் காபியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மரியாதையாக ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். என் வீட்டுக்காரரும் ‘அவர்’ என்பதால் படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வரும். அதனால் அவளை ‘அவள்’ என்றே எழுதுகிறேன். குழப்பம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். முதலில் நடுவட்டம், பிறகு குன்னூர். கல்யாணத்துக்கு முன்பு சனி, ஞாயிறுகளில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசித்தார். கல்யாண வீடுகள், கோயில் விசேஷங்கள் என்று மேட்டுப்பாளையம் வரை போவார்களாம். அந்தக் குழுவில் பாடியவள்தான் அவள். பிறகு அவளுக்குக் கோயமுத்தூரில் கல்யாணமாகிவிட்டது. இவருக்கு என்னைக் கட்டி வைத்தார்கள். நான் காரமடைப் பக்கத்துக்காரி, அஞ்சாம் வகுப்பு முடித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே வராது. குழு கலைந்தது. கிட்டார் பீரோ மேல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறக்கி, தூசி தட்டி, கம்பிகளை முறுக்கி, ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு மறுபடி ஏற்றிவிடுவார். நான் சமையலறையில் இருந்தபடியே கேட்பேன். நாற்பத்தெட்டு வருடம் அப்படித்தான் கேட்டேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. அவருடைய கிட்டார் தெரியும்.

ரிட்டயர் ஆன பிறகு எங்கள் மகள் பழைய லேப்டாப்பையும் ஒரு மைக்கையும் கொண்டுவந்து கொடுத்தாள். “அப்பா, சும்மா உக்காந்து அம்மாவ வம்பு பண்ணாம, உங்க பாட்டையெல்லாம் பதிஞ்சு வெய்யுங்க” என்றாள். அவர் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பின்னறைச் சுவர்களில் கம்பளி தொங்கியது. எதிரொலி வரக் கூடாதாம். அந்த அறைக் கதவு மூடினால் வீட்டில் குழாய் திறக்கக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது, செருப்புச் சத்தம் கூடாது. மலை ரயில் ஊதினால் திரும்ப முதலிலிருந்து. தகரத்தின் மேல் மழை விழுந்தால் அன்றைக்கு வேலையே கிடையாது. சொந்த வீட்டில் நான் திருடி மாதிரி நடந்தேன்.

அவர் செய்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முதலில் பாட்டு முழுவதற்கும் கிட்டாரைத் தட்டி வாசித்துப் பதிவார். அது ஒன்றாவது கிட்டார். பிறகு அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே, அதே மாதிரி இன்னொரு தடவை வாசிப்பார். ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. மூன்றாவதுக்குக் கிட்டாரின் கழுத்தில் ஒரு கவ்வியை மாட்டி, சுருதியை மேலே ஏற்றி, விரலால் ஒவ்வொரு கம்பியாக மீட்டுவார். நாலாவது, பாட்டுக்கு நடுவே அங்கங்கே பதில் சொல்வது போல ஒற்றைக் கம்பியில் வரும். நாலும் சேர்ந்து கேட்டால் நாலு பேர் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும். வாசித்ததெல்லாம் ஒரே கிழவர்.

“ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறதுல்ல புள்ள, ஒண்ணுக்கு ஒண்ணு எடம் விடணும். அதான் கஷ்டம்” என்றார் ஒரு நாள் என்னிடம், சாப்பிடும்போது.

எனக்கு அப்போதே கொஞ்சம் எரிந்தது. என்னோடு நாளுக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர், கதவை மூடிக்கொண்டு தன்னோடு தானே நாலு பேராக உட்கார்ந்து பேசுகிறார். கிட்டார் மேல் பொறாமைப்பட்டதை யாரிடம் சொல்ல முடியும்?

பிறகுதான் அவள் வந்தாள்.

கணவர் காலமான பின் அவள் ஊட்டியில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். பழைய குழுக்காரர்கள் தை மாதம் கோயமுத்தூரில் ஒன்றுகூடப் போகிறார்கள் என்ற செய்தியோடு போன் செய்தாள். இளவயதில் இவர் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவன் பனிமூட்டத்தில் மலைப்பாதையில் நடந்தே போகிற பாட்டு. அந்தக் காலத்தில் கச்சேரிக்கு வந்தவர்கள் சினிமாப் பாட்டுத்தான் கேட்டார்கள். அதனால் அது மேடை ஏறவே இல்லை. அதை இப்போது இரண்டு பேரும் சேர்ந்து பதிந்து கோயமுத்தூரில் போட்டுக் காட்டுவதாக முடிவாகிவிட்டது. என்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை.

“அந்தப் பாட்டுல அவன் யாரப் பாக்கறதுக்கு நடந்து போறானுங்க?” என்று கேட்டேன்.

“யாரையும் இல்ல. நடுவட்டத்துல நெசமாவே பஸ் போயிருச்சு” என்றார்.

நான் நம்பவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் ஊட்டி பஸ்ஸில் வருவாள். நல்ல உயரம். நரைத்த முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், என்னை “அக்கா” என்பாள். வாசலில் நுழையும்போதே குரல் வந்துவிடும்.

“அக்கா, உங்கூட்டுக்காரர் அந்தக் காலத்துல எப்படித் தெரியுங்களா? மேடையில கம்பி அறுந்து போச்சு. மனுசன் மூஞ்சில ஒரு சுருக்கம் இல்ல. அஞ்சு கம்பியிலயே வாசிச்சு முடிச்சுட்டார். நாந்தான் பயத்துல ரெண்டாவது சரணத்த ரெண்டு வாட்டி பாடிட்டேன்!”

அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். எனக்கு அந்தக் கம்பிக் கதை தெரியாது. நாற்பத்தெட்டு வருடத்தில் ஒரு தடவை கூட என்னிடம் சொன்னதில்லை.

மார்கழிக் குளிர். கோயமுத்தூர் வெயிலில் வாழ்ந்தவளுக்குத் தொண்டை கட்டியது. எங்கள் வீட்டு ஹீட்டர் உர்ரென்று சத்தம் போடும், மைக்கில் விழும். அதனால் அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: “புள்ள, கும்முட்டியில கரி போட்டுக் கொண்டா. ஜன்னல் மேல்கதவத் தொறந்து வெச்சுரு.”

வாசலில் வைத்துக் கரியை விசிறி, புகை அடங்கிச் சிவந்த பிறகு கும்முட்டி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அதை அவள் காலடியில் வைக்கச் சொன்னார். நான் இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனை மார்கழி. என் காலடியில் கும்முட்டி வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை என்பது வேறு விஷயம்.

ஒன்றாவது, இரண்டாவது கிட்டாரை அவள் வருவதற்கு முன்பே அவர் பதிந்து முடித்திருந்தார். மூன்றாவதும் நாலாவதும் அவள் பாட்டுக்கு இடம் விட்டு வாசிக்க வேண்டியவை. அவள் எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே இழுப்பாள் என்று தெரிய வேண்டும். ஆனால் அப்போது சத்தமாகப் பாடினால் மைக்கில் விழுந்துவிடும். ஆகவே அவள் எதிரில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பாடுவாள். அவர் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்திச் சரணம் சரணமாக வாசிப்பார்.

கரியைக் கிளறிவிடப் போனபோது கதவிடுக்கில் அதைப் பார்த்தேன். இரண்டு கிழங்கள், நடுவில் நெருப்பு, ஒரு வார்த்தை இல்லாமல் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு. கிளறாமல் திரும்பி வந்துவிட்டேன். அடுக்களையில் போய் உருளைக்கிழங்கை உரித்தேன். சமையல் முடிந்திருந்தது, உரிக்க வேண்டிய தேவையே இல்லை.

சாயந்திரம் அவள் பஸ் ஏறிப் போன பிறகு அவர் நாலு கிட்டாரையும் சேர்த்துப் போட்டுக் கேட்டார். முதல் சரணம் வரை சரியாக வந்தது. அதன் பிறகு ஏதோ பிசகியது. பால் திரிகிற மாதிரி. அவர் நிறுத்தினார், திரும்பப் போட்டார், முகம் சுருங்கியது. கிட்டாரை எடுத்துச் சுருதி பார்க்கிற சின்னக் கருவியை அதன் தலையில் செருகி ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு எரிந்தது. சுருதி சரி.

அடுத்த தடவை அவள் வந்தபோது மறுபடி பதிந்தார்கள். காலையில் கருவியை வைத்துச் சுருதி சேர்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். சாயந்திரம் கேட்டால் அதே பிசகு. கருவியை வைத்தால் அதே பச்சை விளக்கு. மூன்றாவது முறையும் அப்படியே. போன் வழியாக அவளுக்கும் அனுப்பினார். அவள் கூப்பிட்டாள். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“ஏனுங்க, எங்கியோ இடிக்குதே. காது மந்தமாயிருச்சுங்களா? வயசாச்சுல்ல நமக்கு!” என்று சிரித்தாள். “கோயமுத்தூர்ல எம் பையனோட சினேகிதன் ஒருத்தன் இருக்கான். கம்ப்யூட்டர்லயே கிட்டார் போட்டுருவான். அவங்கிட்டக் குடுத்துரலாமுங்க, விடுங்க.”

அவர் “சரிங்க, பாக்கலாம்” என்றார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் தன் வலது காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

காது போகவில்லை. எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

கும்முட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்து அடுக்களையில் நிற்கும்போது அவர் கிட்டார் ஒரு மாதிரி கேட்கும். அரை மணி கழித்துக் கரி கிளறப் போகும்போது கொஞ்சம் இறங்கிக் கேட்கும். எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கம்பி காலையில் விறைப்பாக நிற்கும், வெயில் ஏற ஏறத் தொய்ந்துவிடும். அதே கதைதான். ஒன்றும் இரண்டும் குளிர்ந்த அறையில் வாசித்தவை. மூன்றும் நாலும் நெருப்புக்குப் பக்கத்தில். அவள் காலைச் சூடாக்கிய கரி இவர் கம்பியைத் தொய்ய வைத்தது. அவள் போய், நான் கும்முட்டியை வெளியே எடுத்து, அறை ஆறிய பிறகு கருவியை வைத்தால் கம்பி பழையபடி இறுகியிருக்கும், பச்சை விளக்கு எரியத்தானே செய்யும். அவள் இருக்கும்போதே, நடுவில் ஒரு தடவை கருவியை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் எதிரில் தடுமாற அவருக்கு இஷ்டமில்லை.

ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சொன்னால் பாட்டு சரியாகிவிடும். பாட்டு சரியானால் அவள் வந்துகொண்டே இருப்பாள், கோயமுத்தூரில் எல்லார் முன்னாலும் இவர்கள் இரண்டு பேர் சேர்ந்து நிற்பார்கள். சொல்லாமல் இருந்தால் எல்லாம் தானாக நின்றுவிடும். வெட்கத்தினால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டின மனிதரிடம் என்ன வெட்கம்? பொறாமைதான். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த வாரம் அவள் வரவில்லை. கிட்டார் வேலையை அந்தக் கம்ப்யூட்டர்ப் பையனிடம் விடுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பின்னறையிலிருந்து கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. கம்பி இறுக்குகிற சத்தம் எனக்குத் தெரியும், ஒவ்வொரு திருகலுக்கும் மேலே போகும். இது கீழே போய்க்கொண்டிருந்தது. ரொம்ப நாளைக்கு எடுக்கப் போவதில்லை என்றால்தான் கம்பிகளை அப்படித் தளர்த்தி வைப்பார்கள். எங்கள் மகள் பிறந்த வருடம் ஒரு தடவை செய்தார். அவருடைய அம்மா இறந்தபோது ஒரு தடவை.

நான் ஈரக்கையோடு போய் நின்றேன். மூன்று கம்பி தளர்ந்து தொங்கியது.

“என்னங்க பண்றீங்க?”

“பீரோ மேல வெச்சரலாம்னு. காது கேக்காதவன் கையில இது என்னத்துக்கு?”

நான் ஆசைப்பட்டது அவள் வருவது நிற்க வேண்டும் என்று. இவர் வாசிப்பது நிற்க வேண்டும் என்று இல்லை.

“காதெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க” என்றேன். “கும்முட்டிதானுங்க.”

“என்ன கும்முட்டி?”

சொன்னேன். துணிக்கொடிக் கம்பியைச் சொன்னேன். முதல் சரணம் வரை சரியாக இருப்பதையும், சூடு ஏற ஏற இறங்குவதையும் சொன்னேன். ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை நான் பேசி அவர் கேட்டிருக்க மாட்டார்.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாளே.”

“பின்ன ஏம் புள்ள சொல்லல?”

நான் முந்தானையில் கையைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. தளர்த்திய கம்பிகளைத் திரும்ப இறுக்கிச் சுருதி சேர்த்தார். “கரி போடு போ” என்றார்.

கும்முட்டியைப் பக்கத்தில் வைத்தேன். கருவியைச் செருகிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். பச்சை விளக்கு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மஞ்சளாகி, பிறகு சிவப்புக்குப் போனது. “அட கருமமே!” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். பல் தெரிகிற அதே சிரிப்பு.

மறுவாரம் அவள் வந்தாள். அறையில் நெருப்பில்லை. சால்வையைக் காது வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “அக்கா, கும்முட்டி எங்கீங்க?” என்றாள்.

“அது வேண்டாமுங்க. அதுனாலதான் அத்தனை பிசகும். இவதான் கண்டுபுடிச்சா” என்றார் அவர்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அடேயப்பா! சத்தமே இல்லாம இருந்துட்டு! அக்காளுக்குப் பாம்புக் காதுன்னு சொல்லவே இல்ல?” அவள் கேலியாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது கிட்டார் அன்றே முடிந்தது. நாலாவது மறுநாள். இரண்டுக்கும் என்னை உள்ளே உட்காரச் சொன்னார். காதில் மாட்டுகிறதில் ஒரு பக்கத்தை என் காதில் வைத்து, “சேருதா?” என்று கேட்பார். சேர்ந்தால் தலையாட்டுவேன். ஒரு இடத்தில் சேரவில்லை, சொன்னேன். அவரும் ஆமாம் என்று அந்த இடத்தைத் திரும்ப வாசித்தார். மூலையில் முக்காலியில் உட்கார்ந்து அதைச் செய்வது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

கடைசியாக அவள் பாட வேண்டிய நாள். இப்போது உதடு மட்டும் இல்லை, குரலோடு. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். என் ஒற்றைக் காதுக்குள் அந்தக் குரல் வந்தது. எழுபத்திரண்டு வயதுக் குரல், ஓரத்தில் கொஞ்சம் நடுக்கம். ஆனால் அந்த நாலு கிட்டாரும் விட்டிருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்த விதம் இருக்கிறதே, எனக்கு மயிர் கூச்செறிந்தது. இந்தப் பாட்டு நாற்பத்தெட்டு வருடத்துக்கு மேலாக இவளுக்காகத்தான் காத்திருந்தது என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் நெஞ்சில் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி ஆகிவிட்டது.

பாடி முடித்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். “சேருதா?”

“சேரலீங்க” என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், “இன்னொரு வாட்டி பாடிரலாமுங்க” என்றார்.

பாடினாள். “சேருதா?” “சேரலீங்க.” மூன்றாவது முறை பாடினாள். அவளுக்கு விரல் நடுங்கியது, மூக்கு சிவந்துவிட்டது. “அக்கா பொல்லாத ஆளுங்க, பரீட்சைக்காரி மாதிரியில்ல உக்காந்திருக்காங்க!” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். ஒரு சொல் கோபமாகச் சொல்லவில்லை. நாலாவது முறைக்குத் தண்ணீர் கேட்டாள். எழுந்து போய் வெந்நீராகக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் விரல் என் விரல் மேல் பட்டது, ஐஸ் மாதிரி இருந்தது. நாலாவது முறை பாடி முடித்ததும் “சேருதுங்க” என்றேன். உண்மையில் அது முதலாவதைவிடக் கொஞ்சம் மோசம்.

பஸ் ஸ்டாண்டு வரை போய் அவளை ஏற்றிவிட்டு வந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பின்னறைக்குப் போய் நெடுநேரம் ஏதோ செய்தார். பிறகு கதவைத் திறந்து வைத்துப் பாட்டை முழுசாகப் போட்டார். நாலு கிட்டார், மேலே அவள் குரல். இரண்டு வரி கேட்டதும் என் கை நின்றுவிட்டது.

“இது மொதல்ல பாடினதுதானுங்களே?”

“ஆமா. அதுதான் நல்லாருந்துச்சு.”

“அப்பறம் எதுக்குங்க அந்தம்மாவ அந்தக் குளிர்ல மூணு வாட்டி மறுக்காப் பாட வெச்சீங்க?”

அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “நீ சேரலன்னு சொன்னியே.”

நான் வெங்காயத்தட்டைக் கீழே வைத்தேன். அவர் தெரிந்துகொண்டேதான் செய்திருக்கிறார். முதல் தடவையே தெரிந்திருக்கிறது. அவளைக் குளிரில் உட்கார வைத்து, எனக்காக, நான் போதும் என்று சொல்கிற வரைக்கும். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்துக்குள்ளேயே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது.

“பாவம் அந்தம்மா” என்றேன்.

“பாவந்தான்” என்றார். “தைலம் ஒண்ணு வாங்கி வையி. அடுத்த வாரம் வருவாங்க.”

“எதுக்கு? பாட்டுத்தான் முடிஞ்சுதே.”

“இன்னொரு பாட்டு இருக்குது.”